சிற்றுருவும் பேரொலியும்

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் ஆண்மகவின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வகுத்து, இறுதியிலே சிற்றில் சிதைத்தல், சிறுபறை முழக்கல், சிறுதேர் உருட்டல் என்னும் மூன்றையும் வைத்தனர். இவற்றை வகுப்பிலே கற்பிக்குந்தோறும் எனக்கு ஓர் எண்ணம் தோன்றுவதுண்டு. பறையும் தேரும் அடுத்தடுத்து நிற்பது தற்செயலாக இருக்கலாம். ஆயினும், ஓசையும் ஓட்டமும் பிள்ளையுள்ளத்தில் ஒன்றையொன்று பிரியாதவை என்பதற்கு அஃது ஒரு சான்றாகவே எனக்குப் படுகின்றது. எம்மூர்ச் சிறுவர் பனங்காய் இரண்டைத் தடியிற் கோத்து வண்டில் செய்து, கவைத்தடியால் தள்ளிக்கொண்டு ஓடும்போது அவர்களின் வாய் சும்மா இருப்பதில்லை. ஒழுங்கையின் முடக்கிலே ஊதும்; மணலிலே சில்லுப் புதையும்போது முக்கி முனகும்; நிற்குமிடத்திலே பெருமூச்சு விடும். வண்டிலை உருட்டுவது கையெனினும் அதனைக் கோச்சியாக்குவது வாயேயாம்.

ஈண்டு யான் எழுதப் புகுவதும் அத்தகைய ஒரு விளையாட்டைப் பற்றியே. மாதிரிப் புகையிரத எஞ்சினுக்கு ஒலி சேர்க்கும் கலை மேலைநாடுகளிலே வளர்ந்தோர் பலர் ஓய்வுநேரத்திற் பயிலும் ஒன்று. எம் கல்லூரியின் விழா மலரிலே இதற்கென்ன இடம் என்று வினவும் அன்பர்கள் இறுதிவரை பொறுத்தருள்வாராக.

மாதிரி எஞ்சினுக்கு ஒலி கொடுக்கும் முயற்சி புதியதன்று. 1935ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லயனல் கம்பனி, எஞ்சினின் பின்னே செல்லும் கரிப்பெட்டியினுள் ஒரு சிறு மோட்டரையும் விசிறியையும் அமைத்து, காற்றைக் குழலினூடு செலுத்தி, மெய்யாகவே ஊதும் எஞ்சினை விற்பனைக்கு விட்டது. அதன் தண்டவாளத்திலே பாய்ந்தது ஆடலோட்ட மின்சாரம். பொத்தானை அழுத்தினால் அதனோடு நேரோட்டமும் சேர்ந்து செல்லும். அதனை உணரும் மின்காந்த ஆளியொன்று விசிறியைச் சுழற்றிவிடும். ஒரே இரும்புப் பாதையிலே ஓடுவதற்கான ஆற்றலையும் ஊதுவதற்கான கட்டளையையும் அனுப்பிய இந்த யுத்தி இன்றும் வியக்கத்தக்கதே.

ஊதுதல் எளிது; மூச்சு விடுதலே கடினம். இரட்டை உருளை நீராவி எஞ்சினில் ஒவ்வோர் உருளையும் முன்னும் பின்னும் மாறி மாறி நீராவியை ஏற்பதால், சில்லு ஒருமுறை சுழல, புகைபோக்கி நான்கு முறை மூச்செறியும். ஐந்தடி விட்டமுள்ள சில்லு மணிக்கு 30 மைல் வேகத்தில் உருளும்போது செக்கனுக்குப் பதினொரு மூச்சு. மாதிரியிலும் இக்கணக்குத் தப்பலாகாது. எனவே சில்லின் அச்சிலே ஒரு சுற்றுக்கு நான்கு முறை தொட்டு விலகும் மின்தொடுகையை வைத்து, ஒலியையும் உருளலையும் இணைத்தனர் முன்னோர்.

எனினும் ஒரு குறை நீங்கவில்லை. பழைய முறையில் தண்டவாளத்தின் மின்னழுத்தம் கூடினால் எஞ்சின் விரையும். மின்னை நிறுத்தினால் எஞ்சினும் நிற்கும். நின்ற எஞ்சினுக்கு மின் இல்லை; மின் இல்லையேல் ஒலியும் இல்லை. மெய்யான டீசல் எஞ்சினோ நிலையத்தில் நிற்கும்போதும் உறுமிக்கொண்டே இருப்பது. 1990களில் அமெரிக்கத் தேசிய மாதிரிப் புகையிரதச் சங்கம், ஜேர்மனியின் லென்ஸ் நிறுவனம் வகுத்த முறையை அடிப்படையாகக் கொண்டு ஒரு பொதுவிதியை ஏற்றுக்கொண்டபோது இக்குறை நீங்கிற்று. இம்முறையில் தண்டவாளத்திலே எப்போதும் முழு மின்னழுத்தமும் இருக்கும். அது திசை மாறி மாறித் துடிக்கும் வேகத்திலேதான் கட்டளை அடங்கியுள்ளது. ஒவ்வொரு பாதித் துடிப்பும் 58 மைக்ரோசெக்கன் நீடித்தால் ஒன்று என்னும் இலக்கம். ஏறத்தாழ 100 மைக்ரோசெக்கனோ அதற்கு மேலோ நீடித்தால் பூச்சியம். இவ்விரு இலக்கங்களின் வரிசையே 'மூன்றாம் எண் எஞ்சினே, ஊது' என்னும் ஏவலாகின்றது. எஞ்சினுள் இருக்கும் டிக்கோடர் எனப்படும் சிறு மின்பலகை தன் எண்ணுக்குரிய ஏவலை மட்டும் ஏற்று மோட்டரையும் விளக்கையும் ஒலியையும் இயக்குகின்றது.

நிற்க. இத்துறை எனக்கு அறிமுகமானது என்னோடு ஒரே வாங்கிலிருந்து படித்த நண்பர் ஒருவரால். அவர் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலே வாழ்கின்றார். விடுமுறைக்கு ஊர் வந்தபோது ஒரு சாண் நீளமும் இல்லாத மாதிரி எஞ்சின் ஒன்றையும், அரை வட்டமாக அடுக்கத்தக்க தண்டவாளத் துண்டுகளையும், பொருத்தப்படாத டிக்கோடர் ஒன்றையும் கொண்டுவந்தார். எஞ்சின் எஸ்.டபிள்யு. 1200 என்னும் கனடிய வகை. மெய்யுருவின் 87இல் ஒரு பங்கு. தண்டவாளங்களுக்கு இடையே 16.5 மில்லிமீற்றர்.

இருவரும் எம் வீட்டு விறாந்தையில் மேசையொன்றை இட்டு வேலையைத் தொடங்கினோம். முதலில் மோட்டரின் இரு முனைகளையும் தண்டவாளத்தோடு இருந்த நேர்த் தொடர்பிலிருந்து பிரித்தல் வேண்டும். பின்னர்ச் சிவப்பும் கறுப்புமான கம்பிகள் தண்டவாளத்துக்கும், செம்மஞ்சளும் சாம்பலுமான கம்பிகள் மோட்டருக்கும் செல்லும். உலகெங்கும் இந்நிற முறையே வழக்கு. தூசு படிந்த இடத்தில் மின் அறுந்து ஒலி விக்காதிருக்கச் சிறு கொள்ளளவி ஒன்றையும் சேர்த்தோம். ஒலிபெருக்கியோ 15 மில்லிமீற்றருக்கு 11 மில்லிமீற்றர். கைத்தொலைபேசிகளில் வைக்கப்படும் வகையினது. அதனை வெறுமனே வைத்து இயக்கினால் நுளம்பின் இரைச்சலே கேட்கும். ஏனெனில் அதன் மென்றகடு முன்னே தள்ளும் காற்றும் பின்னே இழுக்கும் காற்றும் கலந்து ஒன்றையொன்று அழித்துவிடும். பின்புறத்தைக் காற்றுப் புகாத சிறு பெட்டியால் அடைத்ததும் குரல் திறந்தது. வீணைக்குக் குடமும் மத்தளத்துக்கு உடலும் வாய்த்ததன் காரணத்தை என் மாணவருக்கு இனி யான் வேறு உவமை தேடாது விளக்கலாம்.

எஞ்சின் மெல்ல உறுமத் தொடங்கியபோது நண்பர் என் முகத்தைப் பார்த்தார். யான் அவர் முகத்தைப் பார்த்தேன். இருவருக்கும் அது பழகிய ஒலி.

காரணம் பின்னரே விளங்கிற்று. கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா எமது நாட்டுக்கு அளித்து, 1954 முதல் இங்கு ஓடத் தொடங்கிய எம் 2 வகுப்பு டீசல் எஞ்சின்களை மூத்த பழைய மாணவர் நன்கறிவர். ஒன்ராறியோ, அல்பேட்டா, பிரிட்டிஷ் கொலம்பியா என மாகாணப் பெயர்களை நெற்றியிலே தாங்கியவை. ஜெனரல் மோட்டர்ஸ் ஆக்கமான ஜி 12 என்னும் இவ்வகையின் வயிற்றிலே இருப்பது, பன்னிரண்டு உருளைகளும் 1,425 பரிவலுவும் உள்ள '567' என்னும் ஈரடிப்பு எஞ்சின். ஓர் உருளையின் கொள்ளளவு 567 கன அங்குலம் என்பதால் வந்த பெயர் அது. எம் மேசைமீது நின்ற கனடிய மாதிரியின் மெய்யுருவிலும் அதே பன்னிரண்டு உருளை 567தான். ஒன்ராறியோவிலுள்ள லண்டன் நகரத் தொழிற்சாலையிலே பிறந்த இவ்விரு வகைகளும் உடம்பால் வேறு, குரலால் உடன்பிறந்தவை. 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கிய காலம் முதலாக வடபகுதிப் பாதையிலே ஒலித்த குரல்களுள் இஃதொன்று.

ஈரடிப்பு எஞ்சினில் ஒவ்வோர் உருளையும் சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும். நிலையத்தில் சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு 275 சுற்று. ஆகவே செக்கனுக்கு 55 வெடிப்பு. முழுவிசையில் 835 சுற்று. செக்கனுக்கு 167 வெடிப்பு. 55 என்னும் அத்தாழ்ந்த மீடிறனை விரல்நுனியளவு ஒலிபெருக்கி எழுப்பமாட்டாது. அதன் மடங்குகளான மேலொலிகளையே அது தருகின்றது. அவற்றைக் கேட்ட எம் செவியும் மூளையும், இல்லாத அடித்தொனியை இருப்பதாக உணர்ந்துகொள்கின்றன. ஆகவே பாதி ஒலியைப் பொறி தருகின்றது. மீதியைக் கேட்பவனே இட்டு நிரப்புகின்றான்.

மூன்றாம் நாள் மாலை, அயலிலே வசிக்கும் முதியவர் ஒருவர் படலையைத் திறந்துகொண்டு வந்தார். எண்பதைக் கடந்தவர், எம் கல்லூரியின் பழைய மாணவர், முப்பதாண்டுகள் வரை எஞ்சின் சாரதியாய்த் தொழில் புரிந்தவர். ஒலி வந்த திசையைக் கேட்டுக்கொண்டே மேசையருகில் வந்து நின்றார். சிறிது நேரம் பேசவில்லை. பின்னர்க் கூறினார்:

"தம்பி, உது எங்கட எஞ்சின்தான். ஆனா உது இழுக்கேல்லை, சும்மா கத்துது."

"எப்பிடிச் சொல்லுறியள் ஐயா?" என்றேன்.

"பாரம் பிடிக்கிற எஞ்சின் எண்டா முதல் குரல் ஏறும், பிறகுதான் சில்லு உருளும். உதிலை ரண்டும் ஒண்டாப் போகுது. விட்டிட்டு ஓடேக்கை குரல் இறங்கோணும். வண்டி தன்ரை பாட்டிலை ஓடும். உது கடைசி மட்டும் கத்திக்கொண்டெல்லோ போகுது."

டிக்கோடர் தொழிற்சாலையிலிருந்து வந்த அமைப்பிலேயே அப்போது இருந்தது. அதற்கு எஞ்சின் தனித்து ஓடுகின்றதா, பத்துப் பெட்டிகளை இழுக்கின்றதா என்பது தெரியாது. முதியவர் கூறியதையே விதியாகக் கொண்டு அமைப்பை மாற்றினோம். டிக்கோடரின் நினைவிலே எண்ணிடப்பட்ட பல அமைப்பு எண்கள் உள. அவற்றுள் மூன்றாம் எண் வேகம் ஏறுதற்கான தாமதத்தையும், நான்காம் எண் இறங்குதற்கான தாமதத்தையும் ஆள்வன. இரண்டையும் கூட்டினோம். இப்பொழுது கட்டளை கொடுத்தவுடன் குரல் உயர்ந்தது. சில்லோ இரண்டு மூன்று செக்கன் பிந்தியே அசைந்தது. கட்டளையைக் குறைத்தபோது குரல் தாழ்ந்தது. வண்டி மேலும் சிறிது தூரம் அமைதியாய் ஊர்ந்தது. மோட்டரின் பின்மின்னியக்க விசையை அளந்து, ஏற்றத்திலே குரலைக் கனக்கச் செய்யும் வசதியும் அதில் இருந்தது. தண்டவாளத்தின் கீழே இரண்டு புத்தகங்களை வைத்து அதனையும் சோதித்தோம்.

முதியவர் கதிரையில் அமர்ந்து கண்களை மூடிக்கொண்டார். அவரது இடக்கை தானாக உயர்ந்து, கண்ணுக்குத் தெரியாத பிடியொன்றைப் பற்றியது. மெய்யான எஞ்சினின் விசைப்பிடிக்கு எட்டுப் படிகள் உண்டு. "ரண்டு... மூண்டு... நாலு..." என்று குரலுக்கேற்ப எண்ணிக்கொண்டே போனார். குரல் தாழ்ந்ததும், "இப்ப விட்டிட்டான்" என்றார். ஒரு படியும் தவறவில்லை. 1990ஆம் ஆண்டுக்குப் பின்னர் அவர் இப்பாதையில் எஞ்சின் செலுத்தியதில்லை.

அந்த ஆண்டிலே யாழ்ப்பாணத்துக்கான புகையிரத சேவை நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. அப்போது எனக்கு வயது பத்து. அதுவரை எங்கள் வீட்டின் பொழுது கோச்சியின் குரலாலேயே அளக்கப்பட்டது. அடுப்பில் உலை வைப்பதும், யான் பாடசாலைக்குப் புறப்படுவதும், அப்பு தோட்டத்தால் மீள்வதும் அதன் கணக்கிலே. பின்னர் இருபத்துநான்கு ஆண்டுகள் அக்குரல் இல்லை. 2014 ஒக்ரோபரிலே வண்டி மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது. 2015 தை மாதத்தில் காங்கேசன்துறையைத் தொட்டது.

இடைப்பட்ட காலத்தில் யான் ஆசிரியனானேன். 2007ஆம் ஆண்டென நினைவு. வகுப்பிலே ஒலிக்குறிப்புச் சொற்களைக் கற்பித்து, அறிந்தவற்றை எழுதுமாறு பணித்தேன். எறிகணை புறப்படுவதற்கு ஒரு சொல், அது கடந்து செல்வதற்கு வேறொரு சொல், விழுவதற்கு இன்னொரு சொல் என மாணவர் மிக நுட்பமாக எழுதியிருந்தனர். வானூர்திகளை வகை பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஓசை காட்டியிருந்தனர். புகையிரதத்துக்கோ அனைவரும் ஒரே சொல்லை எழுதினர். அது சினிமாப் பாட்டொன்றிலிருந்து வந்த சொல். அவர்களுள் ஒருவரேனும் புகையிரதத்தைக் கேட்டதில்லை. பதினான்கு வயதுப் பிள்ளைகளின் செவி எதனால் நிறைந்திருந்தது, எதனால் வெறுமையாயிருந்தது என்பதை அந்தத் தாள்களைத் திருத்தும்போது அறிந்தேன்.

இதனாலேயே இவ்விளையாட்டை யான் விளையாட்டாக மட்டும் எண்ண முடியவில்லை. வடிவத்துக்கும் ஒலிக்கும் உள்ள வேறுபாட்டை இது எனக்கு நன்கு உணர்த்திற்று. வடிவம் சுருங்கும், ஒலி சுருங்காது. எஞ்சினின் நீளத்தை 87ஆல் வகுக்கலாம். 39 அடிக்கு ஒன்றாக வரும் தண்டவாள இணைப்பையும் 87ஆல் வகுத்து, 137 மில்லிமீற்றருக்கு ஒன்றாக வாளால் கீறி, சில்லுத் தட்டும் ஓசையை உண்டாக்குவோர் உளர். ஆனால் சுருதியை வகுத்தால் எஞ்சின் எஞ்சினாயிராது, வண்டாகிவிடும். உரப்பை மட்டும் குறைக்கலாம். அதற்கும் ஒரு முறை உண்டு. மாதிரியை ஒரு மீற்றர் தொலைவில் நின்று பார்ப்பவன் மெய்யுருவை 87 மீற்றர் தொலைவில் நின்று பார்ப்பதற்கு ஒப்பாவான். ஆதலால் 87 மீற்றருக்கு அப்பாலிருந்து கேட்கும் அளவே தக்க அளவு. சிறிய எஞ்சினிலே பெரிய சத்தம் எழுப்புவது கலையறியாதார் செயல்.

மற்றொரு வேறுபாடு இதனினும் பெரியது. அழிந்த வடிவத்தை மீட்கலாம். வரைபடம் இருந்தால் எஞ்சினை மீண்டும் வார்க்கலாம். பாழடைந்திருந்த யாழ்ப்பாண நிலையக் கட்டடத்தை நாம் மீண்டும் பொலிவோடு காணவில்லையா? ஒலியை வரைபடத்திலிருந்து எழுப்ப முடியாது. அது வாழும் பொறியிலிருந்து, அது வாழும்போதே பெறப்படல் வேண்டும். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஓ. வின்ஸ்டன் லிங்க், நீராவி எஞ்சின்கள் மறைந்துகொண்டிருந்த 1950களில், நோர்போக் அன்ட் வெஸ்டேர்ன் பாதையிலே இரவு பகலாக நின்று அவற்றின் ஒலியைப் பதிந்து, 1957 முதல் இசைத்தட்டுகளாக வெளியிட்டார். இங்கிலாந்திலே பீற்றர் ஹன்ட்போட் அவ்வாறே செய்தார். திரைப்பட ஒலிப்பதிவுக்காகப் பின்னாளில் ஒஸ்கார் விருது பெற்றவர் அவர். அவர்கள் நின்ற பாதைகளிலே அந்நாளில் ஓடிய எஞ்சின்களுட் பல இரும்புக்காக உடைக்கப்பட்டன. பதிந்த ஒலி எஞ்சியிருக்கின்றது.

எம் 2 எஞ்சின்களுள் மூத்தவை எழுபதாண்டைக் கடந்துவிட்டன. அவை பிறந்த லண்டன் நகரத் தொழிற்சாலையும் 2012இல் மூடப்பட்டது. எம் மேசையிலுள்ள ஒலி வட அமெரிக்க எஞ்சினுடையது. உடன்பிறந்த குரலே எனினும் எம்முடைய எஞ்சினின் குரல் அன்று. ஊதும் ஒலி வேறு. தண்டவாள அகலம் வேறு. பின்னே தொடரும் பெட்டிகளின் ஓசை வேறு. இவற்றை எம் நாட்டிலேயே பதிந்து ஒரு முழுத் தொகுதியாக ஆக்குதல் வேண்டுமென நண்பரும் யானும் தீர்மானித்துள்ளோம்.

பதியவேண்டியவற்றை முதியவரே வரிசைப்படுத்தித் தந்தார். குளிர்ந்த எஞ்சின் முதன்முதலில் உயிர்கொள்வது. நிலையத்தில் நிற்கும் உறுமல். எட்டுப் படிகளும் தனித்தனி. ஒரு படியிலிருந்து மறுபடிக்கு ஏறுவதும் இறங்குவதும். பாரம் பிடித்துப் புறப்படுவது. தடை தளரும்போது காற்றுச் சீறுவது. காற்றமுக்கி இயங்கி நிற்பது. இறுதியாக எஞ்சினை அணைக்கும்போது எழும் நடுக்கம். ஒவ்வொன்றையும் சாரதிகள் எவ்வாறு அழைத்தனர் என்பதையும் அவர் சொல்லச் சொல்லப் பதிந்துள்ளோம். அச்சொற்களுட் பல எந்த அகராதியிலும் இல்லை. தமிழாசிரியனாகிய எனக்கு அதுவே தனிச் செல்வம்.

பழைய மாணவ அன்பர்களே, உங்களுட் சிலர் புகையிரதத் திணைக்களத்திற் பணியாற்றியுள்ளீர்கள். சிலர் ஒலிப்பதிவுக் கருவிகளைக் கையாள வல்லீர்கள். பழைய நாடாக்களிலே திருமண ஊர்வலத்தின் இடையிலோ, கோயிற் கொடியேற்றத்தின் நடுவிலோ தூரத்துக் கோச்சியின் குரல் தற்செயலாகப் பதிந்திருக்கும் இல்லங்களும் இருக்கக்கூடும். உரிய அனுமதி பெறுவதற்கு வழிகாட்டுவோரும், கருவி தந்து உதவுவோரும், அத்தகைய நாடாக்களை இரவலாகத் தருவோரும் கல்லூரி முகவரிக்கு எழுதுமாறு வேண்டுகின்றேன். ஒலிக்கருவியை எப்போதும் வாங்கலாம். பதிந்த ஒலியைக் கேட்டு, 'உது இழுக்கேல்லை' என்று சொல்ல வல்ல செவி அத்தனை எளிதிற் கிடையாது. எம் முதியவருக்கு இவ்வாண்டு எண்பத்துநான்கு வயதாகின்றது. மாரிக்கு முன்னர் வேலையைத் தொடங்க விரும்புகின்றோம்.